மறையூர் எல்லைக்கல்: மலையில் 100 அடி எவ்வளவு?

"பக்கத்துக்காரன் நம்ம நிலத்துல நுழைஞ்சுட்டான்" என்று ஊரிலிருந்து வரும் போன் நம்மில் பலருக்குப் பழக்கம்தான். எங்கள் மறையூர்ப் பக்கம் இதற்கு ஒரு சரித்திரமே உண்டு.

1877-ல் பூஞ்ஞார் ராஜா பக்கத்துக் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோவுக்குக் கொடுத்தபோது, மலை, ஆறு பேர்களைச் சொல்லித்தான் எல்லை எழுதினார்கள். சர்வேக்காரர்களின் சங்கிலியோ 66 அடி, 100 கண்ணி. அதைப் பிடித்து அளந்து, கல் நட்டு, நம்பர் போட்டார்கள். கேரளத்தில் இதற்கான சட்டம் 1961-ல் வந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சர்வே கணக்கு சரிவின் நீளம் அல்ல, மட்டத்தின் நீளம். ரிக்கார்டில் 100 அடி என்றால், 30 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு போட்டால் 115 அடி காட்டும். உடனே "15 அடி ஆக்கிரமிப்பு" என்று சண்டை! உண்மையில் யாரும் ஒரு கல்லைக்கூட நகர்த்தியிருக்க மாட்டார்கள்.

2022 நவம்பர் 1-ல் கேரளம் செயற்கைக்கோள் உதவியுடன் டிஜிட்டல் மறுஅளவையைத் தொடங்கியது. கருவி எவ்வளவு துல்லியமானாலும், அளக்க வருபவரிடம் எல்லையைக் காட்ட நம் ஆள் ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

பேங்க்காரன் என்பதால் சொல்கிறேன்: பத்திரம் உரிமையைச் சொல்லும், எல்லையைச் சொல்வது சர்வேதான். சர்வேயர் அளக்கும்வரை வேலியைப் பிடுங்கவும் வேண்டாம், அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தவும் வேண்டாம்.