போர்வையும் வெயிலும்

1850களின் தொடக்கத்தில் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் ஒரு போவா பாம்பு தன் போர்வையை விழுங்கிவிட்டது. கதையன்று, நடந்த நிகழ்ச்சி. ஐரோப்பியக் குளிரில் வெப்பநாட்டுப் பாம்பு விறைத்துவிடக் கூடாதே என்ற பரிவில் கூண்டுக்குள் கம்பளிப் போர்வை இட்டு வைப்பது அன்றைய வழக்கம். ஒருநாள் அந்தப் பாம்பு இரைக்குப் பதிலாகப் போர்வையைக் கவ்வி, மெல்ல மெல்ல முழுவதையும் உள்ளே தள்ளிவிட்டது. ஒரு மாதத்துக்கும் மேல் வயிற்றில் வைத்திருந்து பிறகு கக்கியது. செய்தித்தாள்களுக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது.

நமக்கும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் சற்று நின்று எண்ணிப் பார்த்தால், அந்தப் போர்வையில் ஒரு பெரும் பிழை சுருண்டு கிடப்பது தெரியும். போர்வை நமக்கு வெப்பம் தருவதில்லை. நம் உடல் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேறாமல் காக்கிறது, அவ்வளவே. பாம்பின் உடலோ அவ்வாறு வெப்பத்தை உண்டாக்கிச் சேமிப்பதன்று. சுற்றுப்புறத்திலிருந்து பெற்றுக்கொள்வது. குளிர்ந்த பாம்பைப் போர்வையால் மூடினால் அது குளிர்ந்த பாம்பாகவே இருக்கும். காப்பாளர்களின் அன்பில் குறையில்லை. தங்கள் தோலைக் கொண்டு இன்னோர் உயிரின் தேவையை அளந்ததுதான் குறை. கூண்டுப் பாம்புக்கு வெப்பமும் ஒளியும் அளித்த வரலாறு, இந்தப் பிழையைத் திருத்திக்கொண்ட வரலாறே ஆகும்.

பொதுமக்கள் காணும்படி ஊர்வனவற்றுக்கென்றே அமைந்த உலகின் முதல் இல்லம் 1849இல் அதே இலண்டன் தோட்டத்தில் திறக்கப்பட்டது. அங்கே 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு முதலில் கிடைத்த பொருள் மனிதரின் பாதுகாப்பு. 1852 அக்டோபரில் எட்வர்ட் கர்லிங் என்ற காப்பாளர், இரவெல்லாம் குடித்துவிட்டு வந்து, நாகத்தைக் கையிலெடுத்து விளையாடினார். அது அவரது மூக்கில் தீண்டியது. அன்றே இறந்துபோனார். கண்ணாடிக்கு வெளியே நிற்பவரைப் பாம்பிடமிருந்து காப்பது எப்படி என்பது எவருக்கும் எளிதில் விளங்கும் கேள்வி. கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் பாம்பை, நாம் அளிக்கும் வெப்பத்திலிருந்தே காக்கவேண்டும் என்ற கேள்வி எழுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டு, செடிகளுக்கான கண்ணாடி வீடுகளிலிருந்து ஒரு வழியைக் கற்றுக்கொண்டது. கட்டடம் முழுவதையும் வெந்நீர்க் குழாய்களால் சூடாக்கிவிடுவது. போர்வையோடு ஒப்பிட இது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆயினும் இதிலும் ஒரு குறை இருந்தது. பாலைவனத்துப் பாம்புக்கும் மழைக்காட்டுப் பாம்புக்கும் ஒரே காற்று, ஒரே சூடு. கூண்டின் இந்த மூலையும் அந்த மூலையும் ஒன்றே. பாம்பு எங்கே நகர்ந்தாலும் எதுவும் மாறுவதில்லை.

இந்த இடத்தில்தான் ஜோன் பிராக்டர் வருகிறார். 1897இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பாம்புகளையும் பல்லிகளையும் வளர்த்தவர். முதலைக்குட்டி ஒன்றைப் பள்ளி வகுப்பறைக்கே எடுத்துச் சென்றவர். வாழ்நாள் முழுதும் விடாத வயிற்று நோயால் பல்கலைக்கழகப் படிப்பு கைகூடவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஊர்வன அறிஞர் ஜார்ஜ் பூலாஞ்சேயிடம் உதவியாளராகச் சேர்ந்து கற்றார். 1923இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அவர் வகுத்த திட்டத்தின்படி, கட்டடக் கலைஞர் கை டாபரின் துணையோடு எழுந்த புதிய ஊர்வன இல்லம் 1927இல் திறக்கப்பட்டது.

அந்த இல்லத்தில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, வெப்பம் மின்சாரத்தால் பகுத்து அளிக்கப்பட்டது. கட்டடம் முழுவதற்கும் ஒரே சூடு என்பது மாறி, அந்தந்த உயிருக்கு வேண்டிய சூடு அதனதன் கூண்டில் என்றாயிற்று. இரண்டாவது, ஒளி. பார்வையாளர் நிற்கும் கூடத்தை மங்கலாக்கிக் கூண்டுகளை மட்டும் ஒளியூட்டும் மீன்காட்சியக முறையை அவர் கையாண்டார். மூன்றாவது, கண்ணாடி. சாதாரணச் சன்னல் கண்ணாடி, உடலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதாக் கதிர்களைத் தடுத்துவிடும். 1919இல் பெர்லினில் குல்ட்சின்ஸ்கி என்ற மருத்துவர், புற ஊதா விளக்கொளியால் குழந்தைகளின் என்புமென்மை நோய் குணமாவதைக் காட்டியிருந்தார். அதன் பின்னர் அக்கதிர்களை உள்ளே விடும் 'வீட்டா' கண்ணாடி சந்தைக்கு வந்தது. அந்தக் கண்ணாடியைப் பிராக்டர் தம் ஊர்வன இல்லத்துக்கும் கொண்டுவந்தார்.

1931இல், தம் முப்பத்து நான்காம் வயதில், பிராக்டர் மறைந்தார். தம் உடல் தமக்கு ஒத்துழைக்காத ஒருவர், பிற உயிர்களின் உடல் எதைக் கேட்கிறது என்பதில் இத்தனை கூர்மையாக இருந்திருக்கிறார் என்பது நெஞ்சைத் தொடுகிறது.

அவர் கைப்பழக்கத்தால் உணர்ந்ததற்கு அறிவியல் விளக்கம் சில ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 1944இல் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், பாலைவன ஊர்வனவற்றின் வெப்பத் தேவை பற்றிய ஆய்வை வெளியிட்டனர். வெயிலிலேயே வாழும் உயிர்கள் எவ்வளவு வெயிலையும் தாங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மை வேறாக இருந்தது. அவை வெயிலுக்கு வந்து காய்கின்றன. போதுமென்றதும் நிழலுக்கோ வளைக்கோ போய்விடுகின்றன. இப்படி இடம் மாறி மாறித் தம் உடல் வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றன. நிழலுக்குப் போக வழியின்றி வெயிலில் கட்டிப்போட்டால் விரைவில் இறந்துவிடுகின்றன. அவை விரும்பும் சூட்டுக்கும் அவற்றைக் கொல்லும் சூட்டுக்கும் இடையே உள்ள தொலைவு சில பாகைகளே.

ஆகவே பாம்புக்கு வேண்டியது வெப்பம் மட்டுமன்று, வெப்பத்தை விட்டு விலகும் வழியும்தான்.

இதற்கு ஒரு விலக்கையும் சொல்லவேண்டும். முட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் தாய் மலைப்பாம்பின் உடல் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை 1841இலேயே பாரிசில் வாலான்சியென் என்ற அறிஞர் அளந்து சொன்னார். பலர் ஐயுற்றனர். 1966இல் நியூயார்க்கில் ஓர் அடைகாக்கும் மலைப்பாம்பிடம் செய்த ஆய்வு, அது தன் தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி வெப்பம் உண்டாக்குவதை உறுதி செய்தது. பாம்பு தானே கனலாவது அந்தத் தாய்மைக் காலத்தில்தான் போலும்! மற்ற நாட்களில் அதன் அடுப்பு வெளியில் இருக்கிறது. கூண்டில் வைத்துவிட்டால் அந்த அடுப்பு நம் கையில் இருக்கிறது.

இன்று பல நாடுகளில் பாம்பு வளர்ப்பு வீட்டுப் பொழுதுபோக்காகிவிட்டது. (நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை.) வெப்பமூட்டும் விரிப்பு, பீங்கான் வெப்ப விளக்கு, சூடாகும் செயற்கைப் பாறை எனக் கடைகளில் எத்தனையோ கருவிகள். கருவி மாறியிருக்கிறது, பிழை மாறவில்லை. கட்டுப்பாடில்லாத விரிப்பின்மேலோ பாறையின்மேலோ கிடக்கும் பாம்பு, சுட்டதும் விலகிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். நம் கை அப்படித்தானே விலகும்? ஆனால் பாம்பு பல நேரங்களில் விலகுவதில்லை. கூண்டின் மற்ற பகுதி குளிர்ந்திருந்தால் கிடைத்த ஒரே வெப்பத்தை விடாமல் பற்றிக்கொண்டு கிடக்கும். வயிற்றுச் செதில்கள் வெந்து போகும். அதற்குக் கத்தத் தெரியாது. வளர்ப்பவர் கவனிக்கும்போது புண் ஆழமாகியிருக்கும்.

இதைத் தடுக்கும் கருவி புதியதன்று. இரு உலோகத் தகடுகள் வெவ்வேறு அளவில் விரிவதைக் கொண்டு வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் அமைப்புக்கு, 1830இலேயே ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் காப்புரிமை பெற்று, தெர்மோஸ்டாட் என்று பெயரும் இட்டார். எந்த வெப்பக் கருவியையும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பாம்புக் கூண்டில் வைக்கலாகாது என்பது இன்று முதல் விதி. அதன் உணர்முனை வெப்பம் மிகும் இடத்தில் நகராமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதை நம்பிவிடாமல் தனி வெப்பமானியாலும் அளக்க வேண்டும். விளக்கைப் பாம்பு சுற்றிக்கொள்ளாதபடி கம்பிவலைக் கூடு வேண்டும். வெப்பம் கூண்டின் ஒரு முனையில் மட்டும் இருக்க வேண்டும். பலரும் வளர்க்கும் அமெரிக்கக் கார்ன் பாம்புக்குச் சூடான முனை ஏறத்தாழ 30 பாகை செல்சியசும், குளிர்ந்த முனை 20 முதல் 24 பாகையும் இருந்தால் நலம். இரு முனைகளிலும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். ஒளிவிடம் சூட்டில் மட்டும் இருந்தால், பாம்பு அச்சத்துக்கும் வெப்பத்துக்கும் இடையே ஒன்றைத் தேர வேண்டிய நிலைக்கு ஆளாகும்.

ஒளியிலும் இதே பாடம்தான். இரவில் கூண்டு இருட்டாக இருக்க வேண்டும். சிவப்பு விளக்கானாலும் அது விளக்கே. இரவில் சூடு வேண்டுமெனில் ஒளி உமிழாத கருவியே ஏற்றது. புற ஊதாக் கதிர் பாம்புக்குத் தேவையில்லை என்றே நெடுங்காலம் கருதினர். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, அக்கதிர் பட்ட கார்ன் பாம்புகளின் குருதியில் வைட்டமின் டி கூடுவதைக் காட்டியது. 2013இல், பால் பைத்தான் என்னும் சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பிடம் செய்த ஆய்வு அத்தகைய உயர்வைக் காணவில்லை. ஒரு பாம்பின் தேவையைக் கொண்டு இன்னொரு பாம்பையும் அளக்கக் கூடாது என்பதே இதன் பொருள். எனவே இங்கும் மிதமான கதிர், அதிலிருந்து ஒதுங்க நிழல்.

பிராக்டரின் ஊர்வன இல்லம் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் பணியாற்றியது. 2024இல் இலண்டன் தோட்டத்தின் ஊர்வன புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தன. போர்வைக் காலத்திலிருந்து இங்கு வந்து சேர ஒன்றேமுக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. இத்தனைக்கும் நாம் கற்றுக்கொண்டது மிக எளிய ஒன்று. காட்டில் சூரியன் எந்தப் பாம்பையும் தன் கீழே கட்டிவைப்பதில்லை. அது காய்கிறது, வேண்டியது வருகிறது, வேண்டாதது நிழலுக்குப் போகிறது. கூண்டுக்குள் ஒரு சூரியனை ஏற்றிவைப்பவர் அதனருகே ஒரு நிழலையும் வைக்கக் கடமைப்பட்டவர்.