ஆற்றிடைக்குறையில் ஒரு பாசறை

சாரணரையும் ஆற்றுத் தீவையும் ஒரே இடத்தில் காட்டும் தமிழ் நூல் எது என்று யாராவது கேட்டால், நான் சிலப்பதிகாரத்தைத்தான் எடுத்து நீட்டுவேன். புகாரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரிக் கரையோரமாக நடந்து அரங்கத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே சாரணர் தோன்றி அறம் உரைக்கிறார். உரைத்து முடித்ததும் தரையிலிருந்து ஒரு முழம் மேலெழும்பி, வான்வழியே போய்விடுகிறார். மூவரும் ஓடம் ஏறித் தென்கரை சேர்கிறார்கள். நாடுகாண் காதையில் வரும் அந்தச் சாரணர் சமண முனிவர். காக்கிச் சட்டைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அரங்கம் என்பதும் அங்கே மேடை அல்ல. ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி கூடுவதற்குள் நடுவில் கிடக்கும் நிலத்துக்கு அந்தப் பெயர். ஆற்றிடைக்குறை என்றும் துருத்தி என்றும் சொல்வார்கள். திருப்பூந்துருத்தி அப்படி வந்த ஊர்ப்பெயர்.

நம் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பையனிடம் துருத்தி என்றால் கொல்லன் உலையில் காற்று ஊதுவதைத்தான் சொல்வான். அவன் மேல் குற்றமில்லை. எங்கள் குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாளை விரல் விட்டு எண்ணலாம். ஐப்பசி கார்த்திகையில் வானம் கண் திறந்தால் உண்டு. மற்ற மாதங்களில் அது மணலும் சீமைக் கருவேலும்தான். இரு கரைக்கும் நடுவே திட்டுகள் கிடக்கின்றன. தண்ணீர் சூழ்ந்தால்தானே அவை தீவு! ஆனாலும் சாரணர் முகாமின் வரலாற்றைத் தொடங்க ஒரு தீவைத் தவிர வேறு இடம் இல்லை.

அந்தத் தீவு பிரௌன்சி. இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகக் கழிக்குள் இருக்கிறது; ஆற்றுத் தீவு அல்ல, கடற்கழித் தீவு. 1907 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் அங்கே ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கூட்டிச் சென்று ஒரு வாரம் கூடாரம் அடித்துத் தங்கினார். இந்தியாவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 1897இல் மீரட்டில் குதிரைப்படைக்குத் தலைமையேற்று வந்தவர் அவர். வேவு பார்க்கவும், தடம் அறியவும், தனியாக முடிவெடுக்கவும் சிப்பாய்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துப் பழக்கினார். அந்தப் பாடங்களே 1899இல் ஒரு ராணுவக் கையேடாக வெளிவந்தன. தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் நகரை 217 நாள் முற்றுகையில் காத்து அவர் புகழ் பெற்ற பிறகு, படைவீரனுக்கு எழுதிய புத்தகத்தைப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கிப் படிக்கத் தொடங்கினார்கள். சாரணர் என்ற நம் சொல்லுக்கு ஒற்றர் என்றும் ஒரு பொருள் உண்டு. இயக்கத்துக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தவர் யாராக இருந்தாலும் அகராதி அறிந்தவர்.

பிரௌன்சியில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். விடிந்ததும் பேடன் பவல் குடு மானின் முறுக்குக் கொம்பை எடுத்து ஊதுவார். ஆப்பிரிக்காவில் மடபெலே போரின்போது கைக்கு வந்த கொம்பு அது. பையன்கள் நான்கு அணிகள்: ஓநாய், எருது, அண்டங்காக்கை, கர்லூ என்னும் நீர்ப்பறவை. யார் எந்த அணி என்பதைத் தோளில் தொங்கும் கம்பளி நூல் முடிச்சு காட்டும். ஓநாய்க்கு நீலம், எருதுக்குப் பச்சை, கர்லூவுக்கு மஞ்சள், காக்கைக்குச் சிவப்பு. நூலை நம்பிப் பிழைக்கும் நம் ஊரில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கூடாரம், கம்பு, பை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த இயக்கத்துக்குக் கிடைத்த முதல் சீருடை நாலு துண்டு சாய நூல்தான்.

கட்டணத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. ஈட்டன், ஹாரோ போன்ற பெரிய இடத்துப் பள்ளிகளிலிருந்து வந்த பையன்களுக்கு 1 பவுண்டு. பூல், போர்ன்மத் ஊர்களிலிருந்து வந்த உழைப்பாளி வீட்டுப் பையன்களுக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பதால் வித்தியாசம் ஏறக்குறைய ஆறு பங்கு. கட்டணத்தில் பிரித்தவர், அணியில் கலந்துவிட்டார். கோமான் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே அடுப்பை ஊதினார்கள். 1907இன் இங்கிலாந்தில் இது சாதாரணமாக நடக்கக்கூடிய காரியம் அல்ல.

இங்கேதான் தீவு வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் செய்தித்தாள்காரர்களும் எட்டாத இடம் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று தானாகவே வந்து சேர்ந்தது. தீவில் ஓரம் என்று ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஓரத்தைத் தாண்டினால் பிறந்த வீடு, தெரு, படிப்பு, பணம் எல்லாம் இருக்கின்றன. இந்தப் பக்கம் அணி மட்டும்தான். சாயங்காலமானால் அம்மா தூக்குவாளியில் சோறு கொண்டு வர முடியாது. சோறு பொங்கத் தெரியாதவன் பட்டினி கிடப்பான், அல்லது பக்கத்து அணிக்காரனிடம் கேட்டுக் கற்றுக்கொள்வான். அணி முறை என்று பிறகு சாரணர் புத்தகங்களில் ஏறியதற்கெல்லாம் அடி இதுதான்.

ஆற்றுத் தீவிலேயே வேரூன்றி வளர்ந்த முகாம் அமெரிக்காவில் இருந்தது. பென்சில்வேனியாவுக்கும் நியூஜெர்சிக்கும் நடுவே ஓடுகிறது டெலவேர் ஆறு. அதில் ட்ரெஷர் ஐலண்ட் என்ற தீவில் பிலடெல்ஃபியாச் சாரணர்கள் 1913இல் கோடை முகாமைத் தொடங்கினார்கள். 1915ஆம் ஆண்டுக் கோடையில் அதன் பொறுப்பாளர் அர்னர் குட்மேன், வயது 24. உதவியாளர் கேரல் எட்சன். ஒவ்வொரு வாரமும் புதுப் பையன்கள் வருகிறார்கள், போகிறார்கள். நல்லவன் யார் என்று அடையாளம் காட்டுவது எப்படி? மதிப்பெண் போட்டால் ஆசிரியருக்குப் பிடித்தவன் ஜெயிப்பான். பந்தயம் வைத்தால் பலசாலி ஜெயிப்பான். அவர்கள் செய்தது வேறு. கூட இருந்து உண்டு உறங்கிய பையன்களே ஓட்டுப்போட்டு, நம்மில் சிறந்த தோழன் இவன் என்று சொல்ல வேண்டும். அப்படித் தேர்ந்தவர்களுக்கு 1915 ஜூலை 16 அன்று தீவின் காட்டுக்குள் முதல் சடங்கு நடந்தது. ஆர்டர் ஆஃப் தி ஆரோ என்ற அம்புக் குழு பிறந்தது அந்த இரவில்தான். 1948இல் அது அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் முறையான அங்கமானது.

அந்தக் குழுவில் நிலைபெற்ற சேர்க்கை முறை நமக்கு அந்நியமாகப் படாது. தேர்ந்தெடுக்கப்பட்டவன் ஓர் இரவு வெட்டவெளியில் தனியாகப் படுக்க வேண்டும். மறுநாள் முழுக்கப் பேச்சில்லை, அரை வயிற்றுச் சாப்பாடு, முகாமுக்காக உடல் உழைப்பு. மாலை போட்டு மௌனவிரதம் இருப்பவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஒன்று மட்டும் நெருடுகிறது. சடங்குக்கான கதையையும் சொற்களையும் அவர்கள் எடுத்தது டெலவேர்க் கரையின் பழங்குடியான லெனாபே மக்களிடமிருந்து. அந்தக் கரையிலிருந்து விரட்டப்பட்ட மக்களின் வாரிசுகள் இன்று ஒக்லஹோமாவிலும் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் வாழ்கிறார்கள். ஆளை அனுப்பிவிட்டு அவருடைய பேச்சை மட்டும் வைத்துக்கொள்வது நல்ல தோழமைக்கு அழகா என்று அந்தப் பையன்கள் கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்கே ஒரு அம்புச் சின்னம் தரலாம்.

தீவைக் கொடுத்த ஆறுதான் அதைத் திரும்பக் கேட்டது. 1955 ஆகஸ்டில் கானி, டயான் என்ற இரண்டு புயல்கள் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வந்தன. முதல் புயலில் நிலம் குடிக்க முடிந்ததைக் குடித்துவிட்டது. இரண்டாவது புயலின் மழை அப்படியே ஆற்றில் இறங்கியது. டெலவேர்த் தீவு முகாம்களில் இருந்த பிள்ளைகளை ஹெலிகாப்டரில் தூக்கிவர வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு முகாம் நடந்தது. 2004 செப்டம்பர், 2005 ஏப்ரல், 2006 ஜூன் என்று மூன்று பெருவெள்ளம் இரண்டு வருஷத்துக்குள் வந்தபோதுதான் அது ஒடிந்தது. 2008ஆம் ஆண்டுக் கோடையோடு முகாம் மூடப்பட்டது.

குண்டாற்றங்கரைத் திருச்சுழியில் உட்கார்ந்து இதை எழுதும்போது பூமிநாதர் கோயில் தலபுராணம் நினைவுக்கு வராமல் போகாது. ஊரை மூழ்கடிக்க வந்த பிரளயத்தை ஈசன் சூலத்தால் நிலத்தைக் குத்தித் துளையிட்டு, அதற்குள் சுழித்து இறங்கச் செய்தார் என்பது கதை. சுழி என்ற பேர் அதனால். மழைக்கு ஏங்கும் ஊரின் தெய்வக்கதை வெள்ளத்தைப் பற்றியதாக இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். வறண்ட ஆறு வெள்ளத்தை மறப்பதில்லை போலும்.

நம் நாட்டுக் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1909இல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் தொடங்கிய சாரணர் படையில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்குத்தான் இடம். இந்தியப் பையனுக்குத் தடம் பார்க்கவும் ரகசியக் குறி போடவும் சொல்லிக் கொடுத்தால் அவன் புரட்சிக்காரன் ஆகிவிடுவான் என்ற பயம். அந்தக் கதவை உடைத்தவர் பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட். 1916இல் சென்னையில் சபைத் தோழர் அருண்டேலைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. மறு வருஷமே அரசாங்கம் அவரைக் காவலில் வைத்தது, அது அரசியலுக்காக. 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்டின் சங்கத்துக்கும் அவருடைய இயக்கத்துக்கும் சமரசம் ஏற்பட்டது. பிறகும் பிளவுகள் வந்தன; 1950 நவம்பர் 7 அன்றுதான் எல்லாம் கூடிப் பாரத சாரண இயக்கம் ஆயிற்று, மறு ஆண்டு சாரணியரும் சேர்ந்தார்கள். அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய பிரம்மஞான சபைப் பக்கத்தில் பெசன்ட் பெயரில் சாரணர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆற்றுக்குப் பக்கத்தில் கூடாரம் அடிக்க ஆசைப்படுகிறவருக்கு வரலாற்று வாசனையோடு வாய்த்த இடம் அது.

நமக்கு வாய்த்தது குண்டாற்று மணல். நான் சாரண ஆசிரியராக இருந்த ஆண்டுகளில் கோடை விடுமுறை தொடங்கியதும் பையன்களைக் கூட்டிக்கொண்டு மணல் திட்டுக்குப் போவோம். தண்ணீர் சூழாத திட்டுக்கு ஓரம் எங்கே? சுண்ணாம்புத் தூளால் நாங்களே கோடு போட்டோம். முதல் நாள் ஒரு பையன் கோட்டைத் தாண்டி ஐஸ்காரரிடம் ஓடினான். இரண்டாம் நாள் ஐஸ்காரர் மணியடித்தும் யாரும் அசையவில்லை. அவர்தான் பாவம், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரௌன்சியின் இரண்டு கட்டணம் நம்மிடம் வேறு உருவத்தில் வந்தது. யார் சமைத்ததை யார் சாப்பிடுவது, யார் மொண்ட தண்ணீரை யார் குடிப்பது என்பது இந்தச் சீமையில் லேசான சங்கதியாக இருந்ததில்லை. அணியில் சமையல் முறை வைத்துத்தான் சுற்றும். இன்று இவன், நாளை அவன். முதல் வருஷம் ஒரு பையன் வயிற்றுவலி என்று சொல்லி இரண்டு வேளை சாப்பிடவில்லை. என்ன வலி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. மூன்றாம் வேளை அவனே தட்டை நீட்டினான். அன்றைக்குக் குழம்பில் உப்பு கூட. அதைத்தான் அவன் குறை சொன்னான்.

தண்ணீருக்கு ஊற்றுத்தான். அதைத் தோண்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கிணறு மாதிரி நேராகத் தோண்டினால் மணல் சரிந்து மூடிவிடும். வாயை அகலமாக வைத்துக் கிண்ணம்போலக் குறுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். முழங்கை ஆழத்தில் மணல் நிறம் மாறும், இன்னும் ஒரு சாண் போனால் கசியும். முதலில் வருவது கலங்கல். சிரட்டையால் மொண்டு வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரக்காரன் முதல் சிரட்டையைக் குடித்துவிட்டுப் பல்லில் மணலைக் கடிப்பான். நாலு அணிக்கு நாலு ஊற்று. பையன்கள் நீச்சலைக் கிணற்றில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிப் படித்தவர்கள். ஆற்றில் நீந்துவது எப்படி இருக்கும் என்று இரவில் பாசறைத் தீயைச் சுற்றி உட்கார்ந்து என்னைக் கேட்பார்கள். நான் டெலவேர்க் கதையைச் சொல்வேன்.

முகாம் முடிந்த காலையில் அடுப்புக் குழிகளை மூடினோம், கோட்டைக் கலைத்தோம். ஊற்றை மட்டும் மூட வேண்டாம் என்று ஒரு அணித்தலைவன் சொன்னான். சாமான்களைத் தூக்கிக்கொண்டு கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கிடையை மணலில் இறக்கிக்கொண்டிருந்தார். முன்னால் வந்த கிடாய் ஓநாய் அணியின் ஊற்றில் முன்னங்காலை மடித்து வாயை வைத்தது.