ஓராஞ்சரி: அல்லி ஓவியங்களுக்காக வளைந்த சுவர்கள்

ஓராஞ்சரி அருங்காட்சியகம் பாரிஸ் நகரின் துய்லரி தோட்டத்தில், சேன் ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது. தோட்டத்து ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்தில் காப்பதற்காக 1852இல் கட்டப்பட்ட நீண்ட கட்டடம் இது. பெயரும் அதனால் வந்ததே. வெயில் வரும் தெற்குப் பக்கம் கண்ணாடி, குளிர்காற்று வீசும் வடக்குப் பக்கம் சுவர்.

முதல் உலகப்போர் ஓய்ந்த மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, ஓவியர் குளோட் மோனே தம் நண்பரும் பிரதமருமான கிளெமென்சோவுக்குக் கடிதம் எழுதி, தம் ஓவியங்களை நாட்டுக்கு அளிக்க முன்வந்தார். பிரோன் மாளிகைத் தோட்டத்தில் புதிய மண்டபம் எழுப்பும் முதல் திட்டம் செலவு கருதிக் கைவிடப்பட்டது. பின்னரே ஓராஞ்சரி தேர்வானது. 1922இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

சுவரைக் கட்டிவிட்டு அதில் படத்தை மாட்டுவதே உலக வழக்கம். இங்கோ படத்துக்காகச் சுவர் வளைந்தது. கட்டடக் கலைஞர் காமிய் லெஃபேவ்ர், மோனேயின் விருப்பப்படி இரண்டு நீள்வட்ட அறைகளை வகுத்தார். ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள 8 அல்லிக்குள ஓவியங்கள் அவற்றைச் சூழ்ந்துள்ளன. மொத்த நீளம் 90 மீட்டருக்கும் மேல். நடுவில் நிற்பவருக்கு மூலை என்று ஒன்று தென்படாது. கூரைக் கண்ணாடி வழியே வரும் பகலொளி, விரித்த துணியால் மென்மையாக்கப்பட்டு இறங்கும். மேகம் மூடினால் ஓவியக் குளமும் மங்கும். கண்புரையால் அவதிப்பட்டு, 1923இல் அறுவை செய்துகொண்டவர் வெளிச்சத்தின்மீது இவ்வளவு அக்கறை காட்டியதில் வியப்பில்லை.

மோனே இருக்கும்வரை ஓவியங்களைக் கைவிட்டுக் கொடுக்கவில்லை, திருத்திக்கொண்டே இருந்தார். 1926 டிசம்பரில் காலமானார். மறு ஆண்டு மே மாதம் அறைகள் திறக்கப்பட்டன.

1960களில் வேறொரு ஓவியத் தொகுப்புக்கு இடம் தேவைப்பட்டது. அதற்காக, அல்லி அறைகளுக்கு மேலேயே ஒரு மாடி கட்டினார்கள்! கூரை ஒளி அடைபட்டது. மோனே எதற்காக அறையைக் கேட்டாரோ, அதுவே போயிற்று. சுமார் 40 ஆண்டுகள் அவை மின்விளக்கில் கிடந்தன.

2000இல் சீரமைப்பு தொடங்கியது. ஓவியங்கள் சுவரோடு ஒட்டப்பட்டவை ஆதலால் கழற்ற வழியில்லை. இருந்த இடத்திலேயே பெட்டிபோல் அடைத்துக் காத்து, மேல்மாடியை இடித்தனர். மற்றத் தொகுப்பு நிலத்தடிக்குப் போனது. அங்கே தோண்டியபோது பழைய பாரிஸ் கோட்டைச் சுவரின் பகுதி வெளிப்பட்டதால் பணி தாமதமாயிற்று. 2006 மே மாதம் அறைகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, கூரை வழியே பகலொளி இறங்கியது.