தொலைப் புகுபதிகையின் தானியக்க மீளிணைப்பு

தொலைப் புகுபதிகையின் தானியக்க மீளிணைப்பு என்பது, தொலைவிலுள்ள கணினியுடனான இணைப்பு அறுபடும்போது மனிதத் தலையீடின்றி அதனை மீண்டும் ஏற்படுத்தும் முறையாகும். பெரும்பாலும் எஸ்எஸ்எச் நெறிமுறை வழியான இணைப்புகளுக்கு, ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரலால் இது செய்யப்படுகிறது. எஸ்எஸ்எச் நெறிமுறையைப் பின்லாந்தின் டாட்டு இலோனென் 1995ஆம் ஆண்டு உருவாக்கினார்.

அறுபடுதலை அறிதல்

மின்தடை, செய்மதி இணைப்பின் தடங்கல், நெடுநேரம் தரவு செல்லாத இணைப்பைத் திசைவி நீக்கிவிடுதல் முதலியன இணைப்பு அறுபடக் காரணங்களாகும். அறுபட்டதை நிரல் உடனே அறிவதில்லை. திரை உறைந்து நிற்கும். ஓப்பன் எஸ்எஸ்எச்சில் 'சர்வர் அலைவ் இன்டர்வல்' என்னும் அமைப்பின் மதிப்பு 15 எனில், வழங்கியிடமிருந்து 15 நொடிகள் தரவு வராதபோது நிரல் ஒரு வினவலை அனுப்பும். இயல்பிருப்பாக, தொடர்ந்து 3 வினவல்களுக்கு விடை வராவிடில் இணைப்பை முடித்துக்கொள்ளும்.

செயற்பாடு

இணைப்புப் பிழையால் முடியும்போது எஸ்எஸ்எச் நிரல் 255 என்னும் எண்ணைத் திருப்பியளிக்கும். ஸ்கிரிப்ட் அவ்வெண்ணைக் கண்டால் சில நொடிகள் காத்திருந்து மீண்டும் இணைக்கும். வேறு எண்ணாயின் நின்றுவிடும். கடவுச்சொல்லைத் தட்டச்சிட ஆளில்லாததால் திறவுகோல் கோப்புகள் பயன்படுகின்றன. ஆட்டோ எஸ்எஸ்எச் என்னும் கட்டற்ற மென்பொருளும் இப்பணியைச் செய்கிறது.

தேனி வலையமைப்பு

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனை, தனது தேனி மருத்துவமனையைச் சுற்றுப்புறக் கண் மையங்களுடன் நெடுந்தொலைவு வைஃபை மூலம் இணைத்தது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வலையமைப்பை உருவாக்கினர். மையத்திற்கு வரும் நோயாளிகள் தேனி மருத்துவரிடம் காணொளி வழியே ஆலோசனை பெற்றனர். திசைவி நின்றால் ஆலோசனையும் நின்றது.

செய்மதி இணைப்பு ஒரு ப்ராக்சி வழங்கியின் வழியே மட்டும் அமைந்திருந்ததால், வெளியிலிருந்து திசைவிகளுக்குள் புகுபதிகை செய்ய இயலவில்லை. எனவே 'ஃபோன்ஹோம்' என்னும் நிரல் உள்ளிருந்தபடியே அமெரிக்க வழங்கியைக் குறித்த இடைவெளிகளில் தொடர்புகொண்டது. ஒவ்வொரு முறையும் எஸ்எஸ்எச் வழியே எதிர்த்திசைப் பாதை ஒன்றையும் திறந்தது. ஆகவே ஒருமுறை அறுபட்ட பாதை அடுத்த தொடர்பின்போது மீண்டும் கிடைத்தது. இவ்வனுபவங்களை ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர்.

வரம்புகள்

மீளிணைப்பு பாதையை மட்டுமே மீட்கும், பணியை மீட்காது. இணைப்பு அறுபடும்போது, அவ்வமர்வில் ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் பொதுவாக முடிந்துவிடும். இதனைத் தவிர்க்க, பணியை வழங்கியிலேயே காத்துவைக்கும் ஸ்கிரீன், டிமக்ஸ் ஆகிய மென்பொருள்களுள் ஒன்று உடன் தேவைப்படுகிறது. 2012இல் வெளியான மாஷ், பயனரின் இணைய முகவரி மாறினாலும் அமர்வைத் தொடரவல்லது.

கடவுச்சொல் பூட்டில்லாத திறவுகோல், கணினியைக் கைப்பற்றுபவர் எவருக்கும் வழிதிறக்கும். ஆதலின் அத்திறவுகோலுக்கு, வழங்கியில் தேவையான செயலை மட்டும் அனுமதித்தல் இன்றியமையாதது.