குல்மார்க் போலாமா?

எங்க திருப்போரூர்ல மலைன்னா பிரணவமலைதான். கந்தசாமியைக் கும்பிட்டுட்டு அப்படியே படியேறினா கொஞ்ச நேரத்துல உச்சி வந்துடும். பனின்னா மார்கழி விடியல்ல ஓ.எம்.ஆர்.ல முன்னால போற பஸ்ஸை மறைக்கிற சமாச்சாரம். இப்படிப்பட்ட ஊர்லேருந்து எங்க கோஷ்டி பொங்கல் லீவுக்கு குல்மார்க் போறதுன்னு முடிவாகி, திட்டம் போடற வேலை என் தலையில விழுந்தது. டிக்கெட் பார்க்க உட்கார்ந்தவன் நேரா சரித்திரத்துல போய் விழுந்துட்டேன் :-)

தமிழனுக்குக் காஷ்மீர் புதுசில்லை. 1961லேயே 'தேன்நிலவு' படத்துக்காக அங்க போய் ஏரித் தண்ணியில சறுக்கியாச்சு. 1992ல 'ரோஜா' வந்தப்போ நிலைமையே வேற. காஷ்மீர்னு நாம பார்த்த பனியெல்லாம் மணாலிப் பனி.

ஸ்ரீநகர்லேருந்து சுமார் 50 கி.மீ. தூரத்துல, 2,650 மீட்டர் உயரத்துல இருக்கிற புல்வெளிதான் குல்மார்க். பழைய பேர் கௌரிமார்க் என்றும், 16ஆம் நூற்றாண்டுல யூசுப் ஷா சக் என்ற சுல்தான்தான் பேரை மாத்தினார் என்றும் சொல்வாங்க. பிறகு வெள்ளைக்காரங்க வந்தாங்க. நம்ம மதராஸ் துரைமாருக்கு ஊட்டி எப்படியோ, அங்கே இருந்தவங்களுக்கு இது அப்படி. கோடையில கோல்ஃப், குளிர்காலத்துல சறுக்கல். 1927ல 'ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியா'ன்னு ஒரு சங்கமே வெச்சாங்க. 1947ல அவங்க மூட்டை கட்டினாங்க, பின்னாடியே காஷ்மீர்ப் போர். பொழுதுபோக்கா இருந்த சறுக்கல் ராணுவத்துக்கு வித்தையாச்சு. 1948ல ராணுவம் அங்க ஒரு சறுக்குப் பள்ளி ஆரம்பிச்சது. இன்னிக்கு 'உயர்மலைப் போர்ப் பள்ளி'யா இருக்கிறது அதுதான்.

அடுத்தது கேபிள் கார். அங்க 'கண்டோலா'ன்னு சொல்றாங்க. எண்பதுகளின் கடைசியில பிரெஞ்சு கம்பெனி ஒண்ணு வேலையை ஆரம்பிச்சது. துப்பாக்கிச் சத்தம் கேட்க ஆரம்பிச்சதும் வேலை நின்னுபோச்சு. முதல் கட்டம் ஓடினது 1998ல. ஆபர்வாட் மலைக்கிட்ட, கிட்டத்தட்ட 3,950 மீட்டர் வரைக்கும் போற ரெண்டாம் கட்டம் 2005ல.

வீட்டுப் பெரியவங்க பயத்தைச் சும்மா ஒதுக்க முடியலை. 2017 ஜூன்ல காத்துல ஒரு மரம் சாஞ்சு கம்பி மேல விழ, பெட்டி கீழே விழுந்து 7 பேர் போனாங்க. 2018 மே மாசம் குல்மார்க் ரோட்டுலயே, நார்பல்கிட்ட, கல்வீச்சுல சென்னைப் பையன் ஒருத்தன் இறந்தான். 2025 ஏப்ரல்ல பஹல்காம்ல 26 பேர். "ஊட்டிக்குப் போனா ஆகாதா?"ன்னு அம்மா கேட்டதுக்கு என்கிட்ட பெருசா பதில் இல்லை. ஆனா அந்த ஊர்ல ஸ்லெட்ஜ் இழுத்துப் பிழைக்கிற ஆளுங்களும் இந்த ஏப்ரலுக்கு அப்புறம் என்ன சாப்பிட்டிருப்பாங்கன்னு தோணுது.

அவங்களுக்கு அதைவிடப் பெரிய இடி பனியே வராம போறது. 2024 ஜனவரியில குல்மார்க் காய்ஞ்சு பழுப்பா கிடந்தது. 2025 பிப்ரவரியில நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி போதாம மார்ச்சுக்குத் தள்ளினாங்க. மத்தியதரைக்கடல் பக்கத்துலேருந்து வர்ற மேற்கத்தியக் கலக்கம்தான் அங்க பனியைக் கொட்டுது. நமக்கு வடகிழக்குப் பருவமழை பொய்ச்சா ஏரி காயுமே, அதே கதைதான். அந்தப் பனி உருகித்தான் கோடையில அவங்க வயலுக்குத் தண்ணி.

காஷ்மீரிகளுக்கு 'சில்லை கலான்'னு ஒரு கணக்கு இருக்கு. நம்ம அக்னி நட்சத்திரத்தைத் தலைகீழா வெச்ச மாதிரி. டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் கடுங்குளிர், அப்புறம் 20 நாள் கொஞ்சம் தேவலை, கடைசியா 10 நாள் 'குட்டி'. பழைய கணக்குப்படி பொங்கலுக்குப் போனா முழங்கால் பனி. இப்ப வர்ற பருவத்தைப் பார்த்தா அந்த 20 நாள்தான் எனக்கு நம்பிக்கையா தெரியுது.

அதனால பிப்ரவரி முதல் வாரத்துக்கு மாத்திட்டேன். சென்னையிலேருந்து கட்ரா வரைக்கும் அந்தமான் எக்ஸ்பிரஸ், அங்கேருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன்ல விட்ட வந்தே பாரத். டங்மார்க்லேருந்து கடைசி 13 கி.மீ. சக்கரத்துக்குச் சங்கிலி போட்ட வண்டி. மேலே போன பிறகு, கயிறு கட்டின எல்லையைத் தாண்டிச் சறுக்கறது கிடையாதுன்னு இப்பவே எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியாச்சு. 2024 பிப்ரவரியில அப்படிப் போன ரஷ்யர் ஒருத்தர் பனிச்சரிவுல போயிட்டார்.

பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு லீவு லெட்டர் எழுதற வேலை மட்டும் பாக்கி. காய்ச்சல்னு எழுதறதா, உள்ளதை எழுதறதான்னு வீட்டுல இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது.