சிலமலைக்கு எந்தக் கூரை? பசுமைக்குடிலும் மிளகும்

பசுமைக்குடில் என்றதும் ஓசூர்ப் பக்கம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் பாலித்தீன் கூடாரங்கள்தான் பலருக்கு ஞாபகம் வரும். உள்ளே ரோஜா, குடைமிளகாய்... அதே மாதிரி ஒன்றைப் போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில், சிலமலையில் போட்டால் என்ன? யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் குடில் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், அப்படியே தூக்கி வந்து இங்கே வைக்க மனசு வராது!

கதை ரோமாபுரியில் தொடங்குகிறது. முதலாம் நூற்றாண்டில் ஆண்ட பேரரசர் திபேரியசுக்கு வெள்ளரிக்காய் இல்லாமல் ஒரு நாள்கூடப் போகாது. குளிர்காலத்தில் எங்கே போவது? தோட்டக்காரர்கள் சக்கரம் வைத்த பாத்திகளில் கொடியை வளர்த்தார்கள். வெயில் அடித்தால் வெளியே தள்ளுவார்கள். குளிர் வந்தால் ஒளி புகும் கல் தகட்டால் மூடிவிடுவார்கள். இதை எழுதி வைத்தவர் பிளினி. அவரே அதே நூலின் வேறொரு இடத்தில் மிளகைப் பார்த்துப் புலம்புகிறார். காரத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லாத இந்தப் பொருளுக்காக இந்தியா வரைக்கும் போகிறார்களே என்று! அங்கே கருமிளகு ஒரு பவுண்டு 4 தெனாரியஸ், திப்பிலி 15. பசுமைக்குடிலின் மூதாதையும் நம் மேற்கு மலையின் மிளகும் ஒரே புத்தகத்தில் இருப்பது வேடிக்கைதான்.

பிறகு ஐரோப்பியப் பணக்காரர்கள் ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காப்பாற்றத் தனி வீடே கட்டினார்கள். பிரிட்டனில் 1845-ல் கண்ணாடி வரி நீங்கியது. 1851-ல் லண்டனில் பளிங்கு மாளிகையே எழுந்தது. குளிர் நாட்டுக் குடில்களுக்கு முக்கிய நோக்கம் வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பதுதான். அந்த மாளிகையைப் பார்த்து பெங்களூரு லால்பாகில் 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையைக் கவனியுங்கள், பக்கங்கள் திறந்தே கிடக்கும். இந்த ஊரில் சூட்டை அடைத்து வைத்து யாருக்கு லாபம்?

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் மிளகுக்கும் மிளகாய்க்கும் பெப்பர் என்று ஒரே பெயர். கொலம்பஸ் மிளகைத் தேடிப் போய் மிளகாயைக் கண்ட கோளாறு அது. நம்மவர்களும் மிளகு போலக் காரமான காய் என்று மிளகாய் ஆக்கிவிட்டார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். ஒன்று கொடி, ஒன்று செடி. இரண்டுக்கும் ஒரே கூரை ஒத்து வராது.

மிளகுக்கொடி மேற்கு மலையின் ஈரக் காட்டுப் பிள்ளை. மரத்தைப் பிடித்து ஏறும், மரத்தின் நிழலிலேயே வாழும். சிலமலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலைக்கு அந்தப் பக்கம், போடிமெட்டைத் தாண்டினால் ஏலமலை. திருவிதாங்கூர் காலத்திலிருந்தே அங்கே ஏலத்துக்கு நிலம் குத்தகைக்குப் போனது. மேலே நிற்கும் காட்டு மரங்களை விட்டுவைத்து, அடியில்தான் ஏலம் நட்டார்கள். அந்த மரங்களிலேயே மிளகும் ஏறியது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் மலை ஏறி வேலைக்குப் போகிறவர்கள் தினமும் பார்ப்பது இதைத்தான். கண்ணாடி இல்லை, பாலித்தீன் இல்லை. வெயிலை வடிகட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும் குடில் அது.

சிலமலை அடிவாரம். மழை மறைவுப் பகுதி, வெயில் அதிகம். குடைமிளகாய்க்கு 20 முதல் 25 டிகிரி இருந்தால் கொண்டாட்டம். 35-ஐத் தொட்டால் பூ கொட்டிவிடும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பாலித்தீன் குடில் அங்கே தாங்குகிறது. இங்கே பக்கத்தை மூடினால் உள்ளே வெளியை விடச் சூடு ஏறிவிடும். மின்விசிறியும் ஈரப்பட்டையும் வைத்துக் குளிர்விக்கலாம். அதற்குத் தண்ணீரும் மின்சாரமும் தினமும் வேண்டும். கரண்ட் போனால் ஒரு மதியத்தில் பயிர் வாடிப்போகும். போதாக்குறைக்குக் கம்பம் கணவாய் வழியே ஆடி மாதக் காற்று! தேனிப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்தக் காற்றில் பாலித்தீன் கிழிய எவ்வளவு நேரம் ஆகும்?

2005-06-ல் தேசியத் தோட்டக்கலை இயக்கம் வந்து, குடில் செலவில் பாதி மானியமாகக் கிடைத்தபோது பலருக்கும் ஆசை வந்தது. மீதிப் பாதி விவசாயியின் கடன் என்பதை மறந்துவிடக்கூடாது. சிலமலைக்குப் பக்கம் திறந்த, உயரமான நிழல்வலைக் குடில்தான் பொருந்தும். 35 அல்லது 50 சதவீத வலை போதும், குடைமிளகாயும் குளிர்ந்த மாதங்களில் மட்டும். சாதாரண மிளகாய்க்கு நாற்றங்கால் மேல் வலை கட்டினால் போதும், வயலுக்குக் கூரையே வேண்டாம். பக்கக் கிளையை வெட்டித் தொட்டியில் வளர்க்கும் புதர் மிளகும், தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் அதே வலைக்கு அடியில் வரும்.

மலை மேல் கதை இப்போது தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கிறது. 1990-களுக்குப் பிறகு பரவிய ஞள்ளானி ஏலம் நல்ல விளைச்சல் தந்தது, ஆனால் அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். மரக்கிளைகளைக் கழித்தார்கள், நிழல் மெலிந்தது. 2024 கோடை வறட்சியில் ஏலச்செடிகள் ஏக்கர் ஏக்கராகக் கருகின. மரங்கள் நிழல் தந்த அந்தத் தோட்டங்களில் இன்று பல இடங்களில் பச்சை வலை கட்டியிருக்கிறார்கள்.