தலையணையில் பின்னப்பட்ட பரக்கத்

பரக்கத் என்ற சொல் புழங்காத முஸ்லிம் வீடு தமிழகத்தில் இராது. உணவில் பரக்கத், வருவாயில் பரக்கத், ஆயுளில் பரக்கத் என்று நாவில் வந்துகொண்டே இருக்கும் சொல் அது. அதே சொல் ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் ஒரு கிறிஸ்தவ இளவரசனின் கல்லறைக்குள், பட்டு நூலால் பின்னப்பட்ட தலையணை உறையின் மீது எழுத்தாக அமைந்தது. இன்று உலகெங்கும் குளிர்காலத்தில் ஊசியும் கம்பளி நூலுமாக அமர்கின்றவர்கள் செய்யும் அதே பின்னற்கலையின் மிகப் பழைய ஐரோப்பியச் சான்றுகளுள் ஒன்று அந்த உறை.

அந்த இளவரசன் பெர்னாண்டோ தெ லா செர்தா. காஸ்டில் நாட்டு அரசர் பத்தாம் அல்போன்சோவின் மூத்த மகன். பாட்டனார் மூன்றாம் பெர்னாண்டோ 1236இல் குர்துபாவையும் 1248இல் இஷ்பீலியாவையும் முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றியவர். பேரனோ, மொராக்கோவிலிருந்து கடல் கடந்து வந்த மரீனியரை எதிர்க்கப் படையுடன் சென்றபோது 1275இல் வழியிலேயே இறந்தான். புர்கோஸ் நகரை ஒட்டிய லாஸ் உவெல்காஸ் மடாலயத்தில் அவனை அடக்கினார்கள். முஸ்லிம்களோடு போரிடப் புறப்பட்டவனின் கல்லறையில், அரபி எழுத்தில் பரக்கத் என்று பொறித்த உறை வைக்கப்பட்டது. 1940களில் அம்மடாலயத்தின் அரச கல்லறைகளை ஆராய்ந்தபோது இவ்வுறையும் பின்னிய கையுறைகளும் வெளிப்பட்டன.

உறையில் அரச குடும்பத்தின் சின்னங்கள் இருக்கின்றன. அவற்றோடு கூஃபி எழுத்தில் அந்தச் சொல்லும் இருக்கிறது. அரசவைக்குப் பணிபுரிந்த முஸ்லிம் கைவினைஞர்களே இதைப் பின்னியிருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. வெற்றி கொள்ளப்பட்ட நகரங்களில் தங்கிவிட்ட முஸ்லிம்களை முதஜ்ஜன் என்றார்கள். தங்கியிருக்க விடப்பட்டவர் என்பது பொருள். ஆட்சி போயிற்று, கைத்தொழில் நின்றது. நாட்டை வென்றவர்களுக்கும் அத்தொழிலின்றி ஆகவில்லை.

அதன் நுட்பம் வியக்கத்தக்கது. இன்று வீட்டில் பின்னும் ஸ்வெட்டரில் ஓர் அங்குல அகலத்தில் ஐந்தாறு கண்ணிகள் இருக்கும். அந்த உறையிலோ அங்குலத்துக்குச் சுமார் 20 கண்ணிகள். ஒரு சதுர அங்குலத்துக்கு நானூறுக்குக் குறையாத கண்ணிகளை விரல்கள் எண்ணி எண்ணி முடித்திருக்கின்றன. அந்தக் கைகளுக்கு உரியவரின் பெயர் உறையில் இல்லை.

பின்னலில் எழுத்தை வரைவது, தாளில் வரைவது போன்றதன்று. கண்ணிகள் கட்டம் கட்டமாக அமைவதால் வளைவான எழுத்து படிக்கட்டுப் போல் உடைந்துவிடும். கோணங்களும் நேர்கோடுகளும் உடைய கூஃபி எழுத்து இதற்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஆயினும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. கண்ணியின் உயரம் அகலத்தைவிடக் குறைவு. சதுரக் கட்டத்தாளில் அழகாக இருக்கும் எழுத்து துணியில் அமுங்கிக் குள்ளமாகும். ஆகவே நிமிர்ந்த கோடுகளைக் கூடுதலாக நீட்ட வேண்டும். இரு நிற நூல்களைக் கொண்டு பின்னும்போது, பயன்படாத நூல் துணியின் பின்புறம் தொடர்ந்து செல்லும். ஒரே நிறம் நெடுந்தூரம் நீடித்தால் அந்நூல் தொங்கி விரலில் மாட்டும். எனவே எழுத்துகளுக்கு இடையே சிறு சிறு நிரப்பு வடிவங்கள் தேவை. பின்னல் வடிவத்தைச் சொந்தமாக அமைப்பவர் எவரும் இன்றும் எதிர்கொள்ளும் கணக்கு இதுவே. ஒரு வசதியும் உண்டு: வட்டமாகப் பின்னும் வலக்கைக்காரரின் கண்ணிகள் வலமிருந்து இடமாக வளர்கின்றன, அரபி எழுத்தைப் போலவே.

இக்கலை ஸ்பெயினில் தொடங்கியதன்று. அதற்கு முந்தைய சான்றுகள் எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகள். அவற்றுள் பழையவற்றை 11ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என மதிப்பிடுகின்றனர். அவுரி நீலமும் வெள்ளையும் கலந்து, கால்விரலில் தொடங்கி மேல்நோக்கிப் பின்னியவை. எகிப்துக் கிறிஸ்தவர்களின் அதனினும் பழைய காலுறைகள் உண்டு. ஆனால் அவை ஒற்றை ஊசியால் முடிச்சிட்டுச் செய்தவை, இன்று நாம் பின்னல் என்று சொல்லும் முறை அன்று.

அந்த நீலக் காலுறைகளின் மேற்பகுதியில் கூஃபி எழுத்துப் போன்ற பட்டை ஓடும். மேலைநாட்டுப் பின்னல் நூல்கள் சிலவற்றில் அது அல்லாஹ்வின் திருநாமம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. படிக்கும் முஸ்லிம் எவருக்கும் நெஞ்சு சற்றே துணுக்குறும். காலில் அணியும் பொருளிலா? நான் அந்த வாசிப்பை ஏற்கத் தயங்குகிறேன். நிமிர்ந்த மூன்று கோடுகளும் ஈற்றில் ஒரு சிறு முடிச்சும் வந்தால் அது அத்திருநாமம் போலவே தோன்றும். கூஃபியைப் பார்த்து அமைத்த பொருளற்ற அலங்காரக் கோடுகளிலும் அதே தோற்றம் வரும். அக்காலத் துணிகளில் இத்தகைய போலி எழுத்து மிகவும் வழக்கம்.

என் தயக்கத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. பெர்னாண்டோ இறந்து இரண்டே ஆண்டுகளில், ஹிஜ்ரி 676இல், ஷாம் தேசத்தில் வஃபாத்தானவர்கள் இமாம் நவவீ (ரஹ்). நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜையும் ரியாளுஸ் ஸாலிஹீனையும் தந்த அதே இமாம், அத்திப்யான் என்னும் நூலில், குர்ஆன் வசனங்களையும் அல்லாஹ்வின் திருநாமங்களையும் சுவர்களிலும் ஆடைகளிலும் பொறிப்பது ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ் எனக் குறிப்பிடுகிறார்கள். ஒன்றை மக்ரூஹ் என்று எழுத வேண்டியிருந்ததே, சிலர் அதைச் செய்தார்கள் என்பதையும் காட்டக்கூடும், அதை மறுக்கவில்லை. ஆயினும் ஆடையிலேயே விரும்பத்தகாதது காலுறையில் சாதாரண வழக்கமாக இருந்தது என்று நம்புவதற்கு, சில கோடுகளைவிட வலுவான சான்று வேண்டும். புர்கோஸ் உறையிலோ ஐயமில்லை: அங்கே உள்ளது இறைநாமம் அன்று, பரக்கத் என்னும் துஆவே.

டொரன்டோவிலும் லண்டனிலும் வாழும் நம் பெண்மக்கள் சிலர் குளிர்காலங்களில் பின்னக் கற்று, அரபி எழுத்துகளைத் தொப்பியிலும் கழுத்துத் துண்டிலும் சொந்தமாக வடிவமைக்க விரும்புகின்றனர். கட்டத்தாளை எடுக்குமுன், அந்தத் துணி எங்கே கிடக்கும், யார் காலில் படும், எப்படித் துவைக்கப்படும் என்று எண்ணிப் பார்க்கட்டும். திருநாமத்தைப் பொறிக்க எண்ணினால் தம் மத்ஹபின் ஆலிம் ஒருவரிடம் முதலில் கேட்கட்டும். பரக்கத் என்ற சொல்லைப் பின்ன விரும்புவோருக்கோ லாஸ் உவெல்காஸ் மடாலயத்தின் துணி அருங்காட்சியகத்தில் ஒரு மூலப்படி காத்திருக்கிறது.